ஜிகர்தண்டா கடைப் பலகைக்குத் தடித்த எழுத்து

வணக்கம் அண்ணே. கீழமாசி வீதியில் திறக்கப்போகும் கடையின் பலகையில் ‘ஜிகர்தண்டா’ என்பது எதிர்ச்சாரியிலிருந்து பார்த்தால் கறுப்புத் திட்டாகத் தெரிகிறது என்று எழுதியிருந்தீர்கள். நானும் மதுரையில் போர்டு வடிவமைப்பு வேலைதான் பார்க்கிறேன்.

கோளாறு அந்த ‘ண்’ணில் இருக்கிறது. மூன்று சுழி எழுத்து. சாதாரண எழுத்தை போல்டு பட்டனை அழுத்திக் கொழுக்க வைத்தால் சுழிக்குள் இருக்கும் வெள்ளை அடைந்துபோகும், புள்ளியும் தலையோடு ஒட்டிக்கொள்ளும்.

‘பலூ தம்பி 2’ என்ற எழுத்துருவைப் போட்டுப் பாருங்கள். எழுத்துரு வடிவமைக்கும் ஏக் டைப் குழுவினர் செய்தது. கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம், வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம். தடிமனாக நிற்பதற்கென்றே வரைந்த எழுத்து. முனையெல்லாம் உருண்டை, சுழிக்குள் வெளிச்சம் தங்கும். பிள்ளைகுட்டியோடு வந்து நிற்கிற கடைக்கு அந்தக் கொழுகொழு முகம் அப்படிப் பொருந்தும். ஐந்து தடிமன் உண்டு; உச்சத் தடிமன் கடைப்பெயருக்கு மட்டும் போதும். விலைப்பட்டியலுக்கு ‘ஹிந்த் மதுரை’ எடுங்கள். நம்ம ஊர்ப் பெயர் கொண்ட எழுத்துரு, சின்ன அளவிலும் தெளிவாக இருக்கும்.

அப்புறம், உள்ளே விளக்கு எரியும் பலகை என்றால் ஒரு படி மெலிந்த தடிமனே சரி. ராத்திரியில் வெளிச்சம் கசிந்து எழுத்து ஊதித் தெரியும்.

பிளெக்ஸ் கடைக்குக் கொடுக்குமுன் எழுத்தை வளைகோடாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வரைபடமாக மாற்றிப் பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள். அவர்கள் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் வேறு எழுத்தில் விழுந்து, கொம்பு ஒரு பக்கம், புள்ளி ஒரு பக்கம் என்று சிதறிவிடும்.