கேம் திரும்ப வரும், சேவ் வராது

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகனின் லேப்டாப்பில் 256 ஜிபி எஸ்எஸ்டி என்ற சேமிப்பு டிரைவ்தான் இருக்கிறது. சி டிரைவில் சிவப்புக் கோடு வந்துவிட்டது, 4 ஜிபிதான் மிச்சம். ஸ்டீம் என்ற கேம் ஆப்பில் உள்ள கேம்களை வேறு டிரைவுக்கு மாற்ற வேண்டும் என்கிறான். ஆன்லைனில் 2 டிபி எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டி 999 ரூபாய்க்குக் கிடைக்கிறது. மார்த்தாண்டத்தில் விசாரித்தால் 1 டிபிக்கே பல ஆயிரம் சொல்கிறார்கள். எதை வாங்குவது? இரண்டு வருடமாக விளையாடிய சேவ் (ஆட்டம் எதுவரை வந்தது என்ற பதிவு) போய்விடும் என்றும் பயப்படுகிறான்.
- வாசகி, தக்கலை

பதில்: அந்த 999 ரூபாய் டிரைவை வாங்கவே வாங்காதீர்கள். அந்த விலைக்கு 2 டிபி எஸ்எஸ்டி செய்ய யாராலும் முடியாது. இப்படி வருபவற்றில் உள்ளே சின்ன மெமரி சிப்தான் இருக்கும்; 2 டிபி என்று பொய் காட்டும்படி அதை மாற்றி வைத்திருப்பார்கள். முதலில் போடும் ஃபைல்கள் நன்றாகத் திறக்கும். உண்மையான இடம் நிரம்பியதும், காப்பி ஆனதுபோலக் காட்டிக்கொண்டே பழையதை அழிக்கும். எங்கே வாங்கினாலும் முதல் நாளே எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் சோதியுங்கள். 1 டிபி டிரைவை விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டும், அது கணக்கு முறை வித்தியாசம்தான்.

வாங்கும் முன் லேப்டாப்பின் அடிமூடிக்குள் காலியாக எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டி பொருத்தும் இடம்) இருக்கிறதா என்று மாடல் எண்ணைச் சொல்லிக் கடையில் கேளுங்கள். இருந்தால் உள்ளேயே ஒரு எஸ்எஸ்டி போடுவதுதான் நல்லது. அந்த ஸ்லாட் என்விஎம்இ வகையா, சாட்டா வகையா என்பதையும் கேட்டு, அதற்கேற்ற எஸ்எஸ்டியை வாங்குங்கள். காலி ஸ்லாட் இல்லையென்றால் யுஎஸ்பி 3 எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டி போதும். சுற்றும் ஹார்ட் டிஸ்க் மலிவுதான், ஆனால் பெரிய கேம்கள் லோட் ஆக ரொம்ப நேரம் எடுக்கும். ஜிஎஸ்டி பில்லில் சீரியல் எண்ணை எழுதச் சொல்லுங்கள், வாரண்டிக்கு அது வேண்டும்.

சரி, சேவ். கேம் ஒரு இடத்தில், சேவ் வேறு இடத்தில் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. சேவ் பெரும்பாலும் சி டிரைவில் டாக்குமெண்ட்ஸ், சேவ்டு கேம்ஸ், மறைந்திருக்கும் ஆப்டேட்டா ஆகிய ஃபோல்டர்களில் இருக்கும். கேமை நகர்த்தினாலும் அது அங்கேயே கிடக்கும், கேமும் அங்கேயே போய் எடுத்துக்கொள்ளும். சில பழைய கேம்கள் மட்டும் தங்கள் ஃபோல்டருக்குள்ளேயே வைத்திருக்கும். எனவே எதையும் தொடும் முன் சேவ் ஃபோல்டர்களை ஒரு பென்டிரைவில் காப்பி செய்யுங்கள். கட் வேண்டாம். ஒரு ஐப்பசி மழையில் என் டெஸ்க்டாப்பில் கட் செய்து ஒட்டிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. பாதி ஃபைல் இங்கே, பாதி அங்கே. நடுவில் இருந்த ஃபைல் திறக்கவே இல்லை. மூன்று மாத ஆட்டம் அதில்தான் இருந்தது. சேவ்களை இணையத்தில் வைக்கும் ஸ்டீம் கிளவுட் இருக்கிறதே என்று நம்பி இருந்துவிடாதீர்கள், எல்லா கேமுக்கும் அது கிடையாது.

அப்புறம் ஸ்டீமில் செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் போய்ப் புதிய டிரைவைச் சேர்த்து, கேமைத் தேர்ந்தெடுத்து மூவ் கொடுத்தால் போதும். ஃபோல்டரைக் கையால் இழுத்துப் போட்டால் ஸ்டீமுக்கு இடம் தெரியாது. லேப்டாப் சார்ஜரில் இருக்கட்டும், முடியும்வரை எக்ஸ்டர்னல் டிரைவின் வயரைத் தொட வேண்டாம். கேமைத் திறந்து பழைய சேவ் வருகிறதா என்று பார்த்த பிறகும் அந்தப் பென்டிரைவை அழிக்காதீர்கள்.

ஏமாற்று டிரைவை ஏற்கெனவே ஆர்டர் செய்திருந்தால், சோதித்த திரையைப் படமெடுத்து உடனே திருப்பி அனுப்புங்கள். பணம் தர மறுத்தால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். ஆன்லைனில் வாங்கியதற்கும் நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.