பனியாற்றின் மேல் பாக்டீரியா வாழ முடியுமா? அந்தக் குளிரில் அதற்கு என்ன சாப்பாடு?

வாழ முடியும். அதுவும் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒண்டிக்கொண்டு அல்ல, ஊர் கட்டிக்கொண்டு வாழ்கின்றன.

நான் அதை நேரில் பார்த்தது நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளில், லாங்இயர்பியென் ஊரையொட்டிய பனியாற்றில். ஆகஸ்ட் மாதம். மேலே கிடந்த பனி கரைந்து வெறும் பனிக்கட்டி தெரிகிற நேரம். கூட வந்த வழிகாட்டி (பனிக்கரடி நடமாட்டம் உண்டு என்பதால் தோளில் துப்பாக்கி) நின்று காலடியைக் காட்டினார். பனிக்கட்டியில் வட்ட வட்டமாகக் குழிகள். சில விரல் நுழையும் அளவு, சில உள்ளங்கை அகலம். உள்ளே தெளிந்த தண்ணீர், அடியில் கறுப்பு வண்டல். கையுறையைக் கழற்றிக் கொஞ்சம் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். சேறு மாதிரி குழையவில்லை, கடுகு மாதிரி விரலில் உருண்டது.

அந்த உருண்டைதான் ஊர். பெயர் கிரையோகோனைட். 1870-இல் கிரீன்லாந்து பனிப்பரப்பில் நடந்த துருவ ஆய்வாளர் நோர்டன்ஷோல்ட் வைத்த பெயர், கிரேக்கத்தில் 'குளிர்த் தூசி'.

காற்று கொண்டுவரும் மண்தூசியும் கரியும் பனிமேல் படிகின்றன. கறுப்பு, வெயிலை வாங்கிச் சூடாகும். அடியில் பனி உருக, தூசி கீழே இறங்கும். இறங்க இறங்க வெயில் குறைவதால் ஓர் ஆழத்தில் நின்றுவிடும். 0 டிகிரியை ஒட்டிய அந்தத் தண்ணீரில் சயனோபாக்டீரியா (பள்ளியில் நீலப்பசும்பாசி என்று படித்திருப்போம்) நூல்நூலாக வளர்ந்து தூசியைப் பின்னிக்கொள்கிறது. பசைபோன்ற சர்க்கரைப் பொருளையும் கசியவிட்டு ஒட்டவைக்கிறது. அந்தப் பின்னல் இல்லாவிட்டால் தூசியை உருகுநீர் எளிதாக அடித்துப் போய்விடும். தங்குமிடத்தை அவையே கட்டிக்கொள்கின்றன என்பதுதான் என்னை அசத்திய விஷயம்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். வெயிலை வைத்துச் சமைப்பது சயனோபாக்டீரியா. அது கசியவிடுவதையும், செத்த நூல்களையும், காற்றில் வந்து விழும் மகரந்தத்தையும் மற்ற பாக்டீரியா தின்கின்றன. உருண்டையின் நடுவில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும், அங்கே அது தேவைப்படாத கூட்டம் குடியிருக்கும். இவற்றையெல்லாம் மேய ரோட்டிஃபர், நீர்க்கரடி என்ற நுண்ணிய விலங்குகளும் உண்டு. அண்டார்டிகாவின் டெய்லர் பள்ளத்தாக்கில் குழிகளின் மேல் பனி மூடிபோட்டு, வெளிக்காற்றே படாமல் ஆண்டுக்கணக்கில் அடைத்துவிடுகிறது. உள்ளே தண்ணீர் சோப்புக்கரைசல் அளவுக்குக் காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரானது) அடைந்துவிடுவதுண்டு. அதிலும் வாழ்கின்றன.

எனக்குக் கவலை ஒன்று உண்டு. இந்த ஊர் வளர வளரப் பனியின் நிறம் கறுக்கிறது, கறுத்த பனி வேகமாக உருகுகிறது. தென்மேற்கு கிரீன்லாந்தில் பனிக்கட்டியைக் கறுக்கவைப்பதில் பெரிய பங்கு பாக்டீரியாவுக்கு அல்ல, பனிக்கட்டியில் வளரும் பாசிக்கு. ஆனால் கணக்கு ஒன்றுதான். பனியாறு போய்விட்டால் இந்தக் குழிகளும் இல்லை.

மைக்ரோபயாலஜி படிக்கிறவர் என்றால் ஒரு தகவல்: ஸ்வால்பார்டின் நீ-ஓலெசுண்டில் 2008 முதல் இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இயங்குகிறது. அருகிலுள்ள பனியாறுகளின் கிரையோகோனைட் பாக்டீரியாவை நம் ஆய்வாளர்கள் அங்கிருந்து எடுத்து வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள்.