அடியில் காங்சி முத்திரை இருந்தால் 300 வருடப் பழைய பீங்கானா?

ஆன்லைனில் வாங்கிய நீல வெள்ளைக் கிண்ணத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். முத்திரையை மட்டும் நம்பாதீர்கள். சீனாவை ஆண்ட காங்சி பேரரசரின் காலம் 1662 முதல் 1722 வரை. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் சீனாவின் பீங்கான் நகரமான ஜிங்டெசென்னின் கைவினைஞர்கள் பழமைக்குச் செய்யும் மரியாதையாக அவர் பெயரை எழுதினார்கள். அது மோசடியே அல்ல.

நான் முதலில் பார்ப்பது அடி வளையத்தைத்தான். பளபளப்புப் பூச்சு இல்லாத அந்த விளிம்பை விரலால் தடவுங்கள். நெடுங்காலம் புழங்கியது என்றால் வழவழப்பாக, அங்கங்கே கூடுதலாகவும் குறைவாகவும் தேய்ந்திருக்கும். கீறல் எல்லாம் ஒரே திசையில் என்றால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கலாம். அழுக்குக் கறையையும் தேநீரில் ஊறவைத்தே வரவழைத்துவிடுவார்கள்.

அப்புறம், அடியில் ஆங்கிலத்தில் ‘சைனா’ என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிந்தையது; இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரை அமெரிக்கா கட்டாயமாக்கிய வருடம் அது.