ரீஃபர் வண்டி: கேளுங்கள், சொல்கிறேன்

ரீஃபர் எனப்படும் குளிர்பதன லாரிகளுக்கு யூனிட், அதாவது குளிர் மெஷின், மாட்டுவதும் பழுது பார்ப்பதுமாக நாமக்கல்லில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக், இந்த இதழில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

பன்னீர் திராட்சையை மதியம் பறித்து, சாயங்காலம் ரீஃபர் லாரியில் ஏற்றி, 2 டிகிரி வைக்கச் சொல்லி சென்னைக்கு அனுப்பினேன். காலையில் இறக்கும்போது பெட்டிக்குள் பழம் வெதுவெதுப்பாகவே இருந்ததாம். டிரைவர் ஏசியை அணைத்துவிட்டாரா?
— ஒரு விவசாயி, கம்பம்

டிரைவரைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் ஒரு கணக்குப் போட்டுவிடுவோம். 10 டன் பழம் ஏற்றியதாக வைத்துக்கொள்ளுங்கள். மதியம் பறித்த பழம் 30 டிகிரியில் இருக்கும். அதை 5 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டுமென்றால், அதிலிருந்து வெளியே எடுக்க வேண்டிய சூடு ஏறக்குறைய 250 யூனிட் கரண்ட்டுக்குச் சமம். உங்கள் வீட்டு மீட்டரில் ஓடுகிற அதே யூனிட்தான். லாரியின் முகப்பில் இருக்கும் மெஷின் மணிக்கு 10 யூனிட் சூட்டை வெளியேற்றக்கூடியது என்றால், அதற்கே 25 மணி நேரம் ஆகும். இதுவும் வேறு ஒரு பொட்டுச் சூடுகூட உள்ளே வராவிட்டால்தான். கம்பத்திலிருந்து சென்னைக்கு ஒரு ராத்திரிப் பயணம். பாதிக் கிணறுகூடத் தாண்டாமல் கோயம்பேடு வந்துவிடும்.

ரீஃபர் யூனிட் செய்யப்பட்டதே சரக்கைக் குளிர வைப்பதற்கு அல்ல, ஏற்கெனவே குளிர்ந்த சரக்கைச் சூடாகாமல் காப்பதற்கு. சுவர் வழியாக உள்ளே கசிகிற சூடு, கதவு திறக்கும்போது நுழைகிற சூடு, பறித்த பிறகும் பழம் மூச்சு விடுவதால் உண்டாகிற சூடு, இந்த மூன்றையும் சமாளிக்கத்தான் அதன் பலம். நல்ல பஃப் (சூட்டைத் தடுக்கும் நுரை) சுவர் வைத்த பாடியில், வெளியே 38 டிகிரி அடித்தாலும் சுவர் வழியாக வருவது மணிக்கு ஒன்று, ஒன்றரை யூனிட்தான். அதைக் கணக்கில் வைத்து வாங்கிய மெஷினிடம் போய் 250 யூனிட் வேலையைக் கொடுத்தால் அது என்ன செய்யும்?

அதிகாலையில் பறியுங்கள். பக்கத்தில் ப்ரீ கூலிங் அறை இருந்தால், பெட்டித் துளைகள் வழியாகக் குளிர்காற்றை இழுத்துப் பழத்தின் உள்சூட்டை முதலில் எடுத்துவிடுங்கள். ஏற்றும்போது ஊசித் தெர்மாமீட்டரை நடுப்பெட்டியின் நடுப்பழத்தில் குத்திப் பார்த்து எழுதி வையுங்கள். அந்த ஒரு எண் கையில் இருந்தால், அப்புறம் டிரைவரோடு தாராளமாகச் சண்டை போடலாம்.

எங்கள் ஐஸ்கிரீம் வண்டியில் டிஸ்ப்ளே மைனஸ் 20 காட்டுகிறது. ஆனால் கதவோரப் பெட்டிகள் மட்டும் இளகிவிடுகின்றன. கேஸ் குறைந்துவிட்டதா?
— ஒரு விநியோகஸ்தர், மதுரை

கேஸ் அடிக்கச் சொல்லி என்னிடம் வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் கேஸ் சரியாகவே இருக்கும். முதலில் கதவைத் திறந்து உள்ளே பாருங்கள். டிஸ்ப்ளே காட்டுவது காற்றின் சூட்டைத்தான், அதுவும் மெஷினுக்குத் திரும்பி வருகிற காற்றின் சூட்டை. உங்கள் கடைசி வரிசைப் பெட்டி என்ன சூட்டில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

லாரியில் குளிர்காற்று முன்பக்கம் மேலே இருந்து புறப்படும். கூரையை ஒட்டிக் கதவு வரை போய், அங்கே கீழே இறங்கி, தரையோடு தவழ்ந்து முன்சுவரின் அடிப்பகுதி வழியாக மெஷினுக்குத் திரும்ப வேண்டும். இந்தச் சுற்று எங்கே அறுந்தாலும் அதற்கு அப்பால் இருக்கிற பெட்டிக்குக் குளிர் கிடைக்காது. சுவரில் சிவப்புக் கோடு ஒன்று இருக்கும். அதற்கு மேல் அடுக்கக் கூடாது என்று அர்த்தம், அலங்காரம் இல்லை. கடைசி நிமிடத்தில் வந்த நாலு பெட்டியைக் கூரைவரை சொருகிவிட்டால், காற்று அங்கேயே முட்டித் திரும்பிவிடும். பாதி தூரத்திலேயே திரும்பிய காற்று குளிர்ச்சியாகத்தானே இருக்கும்? மெஷினும் மைனஸ் 20 வந்துவிட்டது என்று நம்பி ஓய்ந்துவிடும். நீங்கள் சொல்கிற கோளாறு அச்சு அசல் இதுதான் என்று தோன்றுகிறது.

காற்றைக் கதவு வரை கொண்டுபோகக் கூரையில் மாட்டியிருக்கும் துணிக்குழாய் தொங்கிப்போயிருக்கிறதா, கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒருமுறை ஒரு வண்டியில் முன்சுவர் அடியில் திரும்பும் வழியை டிரைவரின் மடித்த தார்ப்பாயும் காலிச் சாக்கும் அடைத்துக்கொண்டிருந்தன. எடுத்துப் போட்டதும் சரியாகிவிட்டது. அந்த வேலைக்குக் காசு கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது, இருந்தாலும் வாங்கிக்கொண்டேன்.

இன்னொன்று, கடை கடையாக நிறுத்திக் கதவைத் திறக்கும்போது யூனிட்டை நிறுத்துங்கள். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தால் வெளியே இருக்கும் ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். அந்த ஈரம், மெஷினில் காற்றைக் குளிர வைக்கிற குழாய்ச் சுருளான காயிலில் பனியாகப் படியும். பனி மூடிய காயில் வழியாகக் காற்று போகாது, அதனால் பனியை உருக்குகிற டீஃப்ராஸ்ட் அடிக்கடி ஓடும், டீஃப்ராஸ்ட் ஓடும் நேரம் முழுக்கக் குளிர் கிடையாது. நாள் முழுக்கக் கதவு திறக்கிற வேலை என்றால் யூடெக்டிக் பிளேட் வண்டியே மேல். ராத்திரி கரண்ட்டில் சொருகிப் பிளேட்டுக்குள் இருக்கிற உப்புக் கரைசலை உறைய வைத்துவிட்டால், பகல் முழுக்க அது இளகி இளகிக் குளிர் தரும்.

வாழைக்கு 13 டிகிரி வைக்கச் சொல்கிறார்கள். 5 வைத்தால் இன்னும் நாள் தாங்காதா?
— ஒரு வாசகி, சின்னமனூர்

தாங்காது. 12, 13 டிகிரிக்குக் கீழே போனாலே வாழைத் தோலுக்குள் குளிர்க்காயம் விழும். தோல் சாம்பல் பூத்துப் பழுப்புக் கோடு ஓடும். அப்புறம் அந்தக் காய் ஒழுங்காகப் பழுக்கவே பழுக்காது. காற்றுத் துவாரத்தைக் கொஞ்சம் திறந்து வைக்கச் சொல்லுங்கள். பழுக்க ஆரம்பித்த ஒரு தார் விடுகிற எத்திலீன் வாயு மற்றதையும் பழுக்க வைத்துவிடும்.

துறைமுக ரோட்டில் டிரெய்லர்களில் வெள்ளை கன்டெய்னர்கள் போகின்றன. சிலவற்றில் தனியாக ஒரு இன்ஜின் உறுமுகிறது. அது எதற்கு?
— ஒரு மாணவர், தூத்துக்குடி

உள்ளே பெரும்பாலும் உறைந்த இறாலோ மீனோ இருக்கும். கப்பல் கன்டெய்னரின் குளிர் மெஷினுக்கு த்ரீ ஃபேஸ் கரண்ட் வேண்டும். கப்பலிலும் யார்டிலும் பிளக் கிடைக்கும், ரோட்டில் கிடைக்காது. அதனால் டீசல் ஜென்செட் ஒன்றை முன்னாலோ டிரெய்லருக்கு அடியிலோ மாட்டி அனுப்புகிறார்கள். நீங்கள் கேட்ட உறுமல் அதுதான். லாரிக்கு நேர்மாறாக, இந்த கன்டெய்னரில் காற்று தரையிலிருந்து கிளம்பி மேலே ஏறும். தரை வழவழப்பாக இல்லாமல் நீள நீளமாகத் தண்டவாளம் பதித்த மாதிரி இருப்பது அதற்காகத்தான்.

இறால் லோடு ஓட்டுகிறோம். டிரைவர்கள் ராத்திரி யூனிட்டை அணைத்து டீசலை மிச்சம் பிடித்து, ஊர் நெருங்கும்போது போடுவதாகக் கேள்வி. எப்படிக் கண்டுபிடிப்பது?
— ஒரு லாரி உரிமையாளர், நாகப்பட்டினம்

கேள்வி இல்லை, நடக்கிறதுதான். தனி இன்ஜின் வைத்த யூனிட் வெயிலைப் பொறுத்து மணிக்கு 2, 3 லிட்டர் குடிக்கும். ஆறு மணி நேரம் அணைத்தால் எவ்வளவு என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். கடைசி ஒரு மணி நேரம் ஓட்டினால் காற்று மைனஸ் 18 வந்துவிடும், டிஸ்ப்ளேயைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

சரக்கு பொய் சொல்லாது. அட்டைப்பெட்டியைத் தூக்கி அடிமூலையைப் பாருங்கள். இளகி மறுபடி உறைந்த பெட்டியில் அட்டை நனைந்து காய்ந்த கறை இருக்கும், அடியில் ஐஸ் ஒட்டிக்கொண்டு வரும். பிரித்தால் இறாலின் மேல் பூசிய ஐஸ் ஒரு பக்கமாக வழிந்து கட்டியிருக்கும், கட்டியாக உறைய வைத்த இறால் பிளாக்கின் கூர்முனைகள் மழுங்கியிருக்கும். கதவோரப் பெட்டியையும் மேல்வரிசையையும் முதலில் பாருங்கள், அங்கேதான் முதலில் இளகும்.

டேட்டா லாகர் ஒன்றை லோடுக்கு நடுவே போட்டுவிட்டால் எந்த மணிக்கு எத்தனை டிகிரி என்று கோடு போட்டுக் காட்டிவிடும். ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. டிரிப்புக்கு இவ்வளவுதான் டீசல் காசு என்று கறாராகக் கொடுத்துவிட்டு, அதிலேயே யூனிட்டும் ஓட வேண்டும் என்றால் அவர் எங்கே போவார்? யூனிட் டீசலைத் தனியாகக் கொடுங்கள், யூனிட்டின் ஓட்ட மணி மீட்டரை வைத்துக் கணக்குக் கேளுங்கள். உறைந்த சரக்குக்கு, தேவைப்படும்போது மட்டும் இன்ஜின் தானாக ஓடி நிற்கிற ஸ்டார்ட்-ஸ்டாப்பில் போட்டாலே டீசல் கணிசமாகக் குறையும், அது திருட்டில் சேராது.

தடுப்பூசி வண்டியில் கூலிங் அதிகமானால் நல்லதுதானே?
— ஒரு மருந்துக்கடைக்காரர், ஊட்டி

இல்லவே இல்லை. பெரும்பாலான தடுப்பூசிகளுக்கு 2 முதல் 8 டிகிரி. ஹெபடைடிஸ் பி, டி.பி.டி. போன்றவை ஒருமுறை உறைந்துவிட்டால் வீண், மறுபடி இளக வைத்தும் பயனில்லை. காற்று வெளிவரும் வாய்க்கு நேராகப் பெட்டியை வைக்காதீர்கள். உங்கள் ஊரில் டிசம்பர் ராத்திரி வெளியே இருக்கிற குளிரே ஆபத்து. நல்ல ரீஃபர் யூனிட் தேவைப்பட்டால் சூடும் பண்ணும், அதை ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

இந்த மெஷினைக் கண்டுபிடித்தது யார்?
— ஓர் ஆசிரியை, கரூர்

ஃபிரெடரிக் மெக்கின்லி ஜோன்ஸ். 1893-இல் பிறந்த அமெரிக்கக் கறுப்பினத்தவர், இன்ஜின் வேலையெல்லாம் தானாகவே கற்றுக்கொண்டவர். 1938-இல் மினியாபொலிஸில் ஜோசப் நியூமெரோவோடு சேர்ந்து தொடங்கிய கம்பெனிதான் பின்னால் தெர்மோ கிங் ஆனது. அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கத்தை 1991-இல்தான் கொடுத்தார்கள், அவர் இறந்து 30 வருடம் கழித்து.

பழைய ரீஃபர் லாரி ஒன்று விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?
— ஒரு வாசகர், சங்ககிரி

எல்லோரும் மெஷினைப் பார்ப்பார்கள், நீங்கள் பாடியைப் பாருங்கள். மெஷினை மாற்றலாம், தண்ணீர் குடித்த பஃப்பை மாற்றுவது புதுப் பாடி கட்டுகிற செலவு. காலி வண்டியை எடைமேடையில் ஏற்றி ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிற எடையோடு ஒப்பிடுங்கள். சில நூறு கிலோ கூட இருந்தால் சுவருக்குள்ளும் தரைக்குள்ளும் தண்ணீர் நிற்கிறது என்று சந்தேகப்படலாம். பட்டப்பகலில் உள்ளே நின்று கதவைச் சாத்தச் சொல்லுங்கள், வெளிச்சம் கோடாகத் தெரிகிற இடமெல்லாம் ரப்பர் போன இடம். வெளியே நம்பிக்கையான ஆள் ஒருவர் நிற்கட்டும், உள்பக்கக் கைப்பிடி வேலை செய்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். கடைசியாக, காலி வண்டியை மைனஸ் 18-க்கு இறக்கி, யூனிட்டை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் டீ குடித்துவிட்டு வாருங்கள். எத்தனை டிகிரி ஏறியிருக்கிறதோ அதை வைத்து விலையைப் பேசுங்கள்.