கடிதத்தில் வராத ஒருத்தி

ஐயா, வணக்கம்.

புதுச்சேரி இலாசுப்பேட்டையில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வசிக்கிறோம். அடுத்த மாதம் என் மகளுக்கு ஒன்பது வயது நிறைகிறது. இரண்டு வருடங்களாக நாய்க்குட்டி கேட்கிறாள். பிறந்தநாளுக்கு வாங்கித் தருவதாக அவள் அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். அவருக்கு லாப்ரடார்தான் வேண்டும். விற்பவர் ஒருவரிடம் பேசி, முன்பணம் கொடுக்கும் நிலையில் இருக்கிறார். எனக்கோ, தெருவில் இத்தனை நாய்கள் கிடக்கும்போது காசு கொடுத்து வாங்குவது பாவம் என்று படுகிறது. அடிபட்ட நாய்களைப் பராமரிக்கும் இடம் ஒன்றுக்கு என் தோழி உதவி வருகிறாள். விபத்தில் பின்னங்கால் ஒன்றை இழந்த இரண்டு வயதுப் பெட்டை நாய் அங்கே இருக்கிறது. 'எடுத்து வளர்க்கும் நாய்தான் நன்றியோடு இருக்கும்' என்கிறாள். அதன் முன்கதை தெரியாதே, குழந்தை இருக்கும் வீடாயிற்றே என்று எனக்குப் பயம். மாமியாருக்கு எந்த நாயும் ஆகாது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் இப்போதே முகம் சுளிக்கிறார். வாங்கினால் குற்றவுணர்ச்சி, எடுத்தால் பயம். என்ன செய்வது? பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி, புதுச்சேரி

*

அன்புள்ள வாசகிக்கு,

செயலாளரை முதலில் அனுப்பிவிடுகிறேன். வீட்டில் நாய் வளர்க்கக் கூடாதென்று குடியிருப்போர் சங்கம் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் எப்போதோ சொல்லிவிட்டது. மாமியார் விஷயம் அப்படியல்ல. நீங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால் பகல் முழுக்க நாயோடு இருக்கப்போகிறவர் அவர்தான். அவர் சம்மதம் இல்லாமல் கொண்டுவந்தால் தவறு உங்களுடையது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கடிதத்தை மூன்று முறை படித்தேன். கணவர், மகள், தோழி, மாமியார், செயலாளர், விற்பவர், மூன்றுகால் நாய் என்று எல்லோரும் வருகிறார்கள். ஒருத்தி மட்டும் வரவேயில்லை. அந்த லாப்ரடார் குட்டியை ஈன்றவள்.

ஒரு மாதமாக நான் அவளையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் இந்தப் பதில்.

காலையில் கடலூர் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் நடப்பது என் வழக்கம். சென்ற மாதம் படகு நிழலில் வெளிர்மஞ்சள் லாப்ரடார் ஒன்று படுத்திருந்தது. யாரோ நடைக்கு அழைத்து வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். எழுந்து நின்றபோதுதான் வயிறு தெரிந்தது. முலைகள் காலியான சுருக்குப்பைகளைப் போலத் தொங்கி, நடக்கும்போது இடமும் வலமும் ஆடின. கழுத்தைச் சுற்றி விரல் அகலத்துக்கு முடியே இல்லை, சங்கிலியின் தடம். சிமெண்டுத் தரையில் படுத்துப் படுத்து முழங்கைகள் காய்த்துப்போயிருந்தன. வயது ஐந்தோ ஆறோதான் இருக்கும். மூன்று நாளைக்கு முன்பு இரவில் ஒரு கார் வந்து இறக்கிவிட்டுப் போனதாக வலை பிரித்துக்கொண்டிருந்தவர் சொன்னார். கல்லில் கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் கரையேறிய ஊர் என்று பெருமை பேசுகிறவர்கள் நாங்கள். இவளைக் கரையில் கொண்டுவந்து தள்ளியிருக்கிறார்கள்.

அங்கே சுண்டல் விற்கும் அம்மாள் ஒருவர் இப்போது அவளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். நான் சேர்த்துக்கொள்ளவில்லை. எனக்கு 68 வயது, வீடு மாடியில், மனைவிக்கு மூட்டுவலி. காரணங்களுக்கு என்னிடம் பஞ்சமே இல்லை.

வாங்கும் நாய், எடுக்கும் நாய் என்று இரண்டு சாதி பிரித்து எழுதியிருக்கிறீர்களே, இவளை எதில் சேர்ப்பீர்கள்? இவள் குட்டிகளை யாரோ பிறந்தநாளுக்கு வாங்கிப் போனார்கள். இவளை யாராவது எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பிறந்தநாளுக்கு வாங்கிப் போனவர்களில் நானும் ஒருவன். 2003இல் என் மகனுக்கும் ஒன்பது வயதுதான். அப்போது பொமரேனியன் மோகம். அந்தப் பெயரில் நம் பக்கம் விற்றதெல்லாம் பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ் என்ற வேறு இனம் என்பது பிறகு தெரிந்துகொண்டது. புதுச்சேரியில் ஒரு வீட்டின் முன்னறையில் அட்டைப்பெட்டிக்குள் ஐந்து குட்டிகள். ஒன்று 2,500 ரூபாய். நாற்பத்தைந்து நாள் ஆகிவிட்டது, ஊசி போட்டாகிவிட்டது என்றார் விற்றவர். தாய் எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. ஒயர்க்கூடையில் துண்டை மடித்துப் போட்டு, குட்டியை வைத்து, கடலூர் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். அரியாங்குப்பம் தாண்டும்வரை கத்தியது. கன்னியக்கோயில் வருவதற்குள் என் மகனின் சுண்டுவிரலைச் சப்பிக்கொண்டே தூங்கிவிட்டது. பார்க்க அழகாக இருந்தது. பாலுக்குத்தான் சப்புகிறது என்பது எனக்கு உறைக்கவில்லை.

மூன்றாம் நாள் சாப்பிடவில்லை. நான்காம் நாள் நுரைநுரையாக வாந்தி. இரவில் ரத்தக் கழிச்சல். அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். கால்நடை மருத்துவர் வாயைத் திறந்து பார்த்தார். முன்பற்கள் அரிசி முனை போல எட்டிப் பார்த்தன. கடைவாய்ப் பக்கம் வெறும் ஈறு. இதற்கு முப்பது நாள் ஆகியிருந்தாலே அதிகம் என்றார். நோய், பார்வோ. குட்டிகளின் குடலைத் தாக்கும் கிருமி. ஆறாம் நாள் விடிவதற்குள் முடிந்துவிட்டது.

சண்டை போடப் போனேன். மருந்துச் சீட்டுகளை அதே ஒயர்க்கூடையில் போட்டுக்கொண்டு போனேன். விற்றவர் உள்ளே போயிருந்த நேரத்தில் பக்கச் சந்திலிருந்து சங்கிலிச் சத்தம் கேட்டது. ஆஸ்பெஸ்டாஸ் தாழ்வாரத்தின் அடியில் ஒரு பெட்டை. வெள்ளை நாய் என்று ஊகிக்கத்தான் முடிந்தது, அவ்வளவு அழுக்கு. கூடையைக் கீழே வைத்தேன். சங்கிலி எட்டும் மட்டும் வந்து, கூடைப் பின்னலின் ஒவ்வோர் ஓட்டையிலும் மூக்கை வைத்து மூச்சை இழுத்தது. அடிவரிசை முடிந்து மேல்வரிசை. ஒரு பக்கம் முடிந்ததும் முன்காலால் கூடையைத் திருப்பிக்கொண்டு மறுபக்கம். நான் அந்தக் கூடையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவியிருந்தேன்.

விற்றவர் ஆயிரம் ரூபாயோடு வந்தார். வேண்டுமானால் அதே ஈற்றில் மிச்சமிருக்கும் குட்டியை எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். பணத்தை அவர் முகத்தில் எறிந்துவிட்டு வந்தேன் என்று எழுத ஆசைதான். வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அம்மா, இந்த ஒன்றை மட்டும் உங்களை உட்காரவைத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தத் தொழிலில் 'நாற்பத்தைந்து நாள்' என்பது ஒரு மந்திரம். எந்தக் குட்டியைக் காட்டினாலும் நாற்பத்தைந்து நாள்தான். உண்மையில் பலவற்றுக்கு முப்பதுகூட ஆகியிருக்காது. ஏன் இந்த அவசரம்? குட்டி சின்னதாக, பஞ்சுப்பொதி மாதிரி இருந்தால்தான் உங்கள் மகளைப் போன்றவர்கள் கீழே வைக்க மாட்டார்கள். தவிர, வளர வளரத் தீனிச் செலவு விற்பவருடையது. 2017ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. எட்டு வாரம் என்றால் 56 நாள். வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பதும் அந்த விதிகளில்தான் இருக்கிறது. உங்கள் கணவர் பேசியவரிடம் பதிவுச் சான்றிதழைக் கேட்டாரா?

இருபது இருபத்தைந்து நாளில் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்பார்கள். அந்த நாட்களில்தான் குட்டி நாயாகிறது. கூடப் பிறந்ததன் காதைக் கடிக்கிறது. அது வீலென்று கத்திவிட்டு விளையாட்டை நிறுத்துகிறது. முளைத்த பல்லோடு பால் குடிக்கப் போனால் தாய் வெடுக்கென்று எழுந்து நடந்துவிடுகிறாள். எவ்வளவு கடிக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதைக் குட்டி கற்பது இப்படித்தான். நீங்களும் நானும் எத்தனை முறை 'நோ' என்று கத்தினாலும் அதைச் சொல்லிக்கொடுக்க முடியாது. முப்பது நாளில் பிரித்து வந்த குட்டி உங்கள் மகளின் கையில் ரத்தம் வரக் கடித்தால், முரட்டு நாய் என்று பழி அதன் மேல் விழும்.

அடுத்தது ஊசி. பிறந்தவுடன் குடிக்கும் சீம்பாலில் தாயின் எதிர்ப்புச் சக்தி குட்டிக்கு வந்துவிடுகிறது. அது சில வாரங்கள் காக்கும். அதுவே அந்த வாரங்களில் தடுப்பூசியையும் வேலை செய்யவிடாமல் தடுக்கும். எந்தக் குட்டிக்கு எப்போது அது வடியும் என்று சொல்ல முடியாததால்தான் ஆறேழு வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரம்வரை சில வார இடைவெளியில் மறுபடி மறுபடி போடச் சொல்கிறார்கள். முப்பது நாள் குட்டிக்கு 'ஊசி போட்டாகிவிட்டது' என்பதில் ஒரு அர்த்தமும் கிடையாது. பார்வோ கிருமி உடம்புக்குள் போய் நோயாக வெளிப்பட மூன்றிலிருந்து ஏழு நாள் ஆகும். என் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் குட்டி சுருண்டது என்றால், கிருமி அந்த அட்டைப்பெட்டியிலிருந்தே வந்திருக்க வேண்டும். ஒருமுறை நுழைந்தால் மாதக்கணக்கில் மண்ணில் கிடக்கும். ஃபினாயிலுக்கெல்லாம் சாகாது, பிளீச்சிங் பவுடர் வேண்டும். இவ்வளவும் எனக்குப் பிறகுதான் தெரியும். என் மகன் அதற்கப்புறம் நாய் கேட்கவேயில்லை.

தாயைப் பார்க்க வேண்டும் என்று நான் அடித்துக்கொள்வது இரக்கத்தால் மட்டுமல்ல. அவள் உடம்பில் அந்த வீட்டின் கணக்கு முழுக்க எழுதியிருக்கிறது. ஆளைக் கண்டு பதுங்கும் தாயின் குட்டிகளும் பதுங்கும். கென்னல் கிளப் பேப்பர் இருக்கிறது என்று நீட்டுவார்கள். அதில் பரம்பரை இருக்கும். அவளை எங்கே கட்டிப்போட்டிருந்தார்கள் என்பது இருக்காது. லாப்ரடார் என்றால் தாய், தந்தை இரண்டுக்கும் இடுப்பு எக்ஸ்ரே எடுத்ததா என்று கேளுங்கள். இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வருவது. ஒழுங்காக வளர்க்கிறவர் உங்களையே குறுக்கு விசாரணை செய்வார். எந்த மாடி, பகலில் யார் இருப்பார்கள், வளர்க்க முடியாமல் போனால் தன்னிடமே திருப்பித் தருவீர்களா என்றெல்லாம் கேட்பார். அப்படி ஒருவரிடம் காத்திருந்து வாங்குவதில் எந்தப் பாவமும் இல்லை. குற்றவுணர்ச்சியை யாரோ உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள், இறக்கி வையுங்கள். அதனால் ஒரு நாய்க்கும் ஒரு பருக்கை சோறு கூடுதலாகக் கிடைக்கப்போவதில்லை. (லாப்ரடாரோடு நிறுத்தினாரே உங்கள் கணவர், அதற்காக அவரைப் பாராட்ட வேண்டும். ஞாயிறு மாலை வெள்ளிக் கடற்கரைக்குப் பனிநாட்டு நாயான சைபீரியன் ஹஸ்கியை இழுத்து வருகிறார்கள், மே மாதத்தில்.)

உங்கள் தோழியிடம் எனக்குக் கோபம். நன்றியோடு இருக்கும் என்கிறாளாம். 30 டிசம்பர் 2011 அன்று தானே புயல் கடலூரைப் புரட்டிப்போட்ட பிறகு, விழுந்த முருங்கை மரத்தின் அடியிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டை எங்கள் திண்ணைக்கு ஏறி வந்தது. மின்சாரம் இல்லாத அந்த வாரங்களில் நாங்களும் அதுவும் ஒரே கஞ்சியைத்தான் குடித்தோம். ஒன்பது வருடம் இருந்தது. ஒருநாளும் என் மடியில் தலை வைத்ததில்லை. துடைப்பத்தை எடுத்தால் கட்டிலுக்கடியில் போய்விடும், கடைசி வருடம்வரை. முதுகில் கை வைத்தால் நகர்ந்து ஒரு முழம் தள்ளி உட்காரும். ஆனால் இரவில் நான் எந்த அறையில் தூங்கினேனோ அந்த வாசலில்தான் படுக்கும். நன்றி வசூலிக்க நாய் எடுக்கப் போகிறவர்கள் ஆறாம் மாதம் அதைத் திருப்பிக் கொண்டுபோய் விடுவார்கள். தோழியிடம் சொல்லுங்கள்.

முன்கதை தெரியாது என்ற பயமும் அவ்வளவு பொருட்படுத்தத் தக்கதல்ல. குட்டி நாளை எப்படி ஆகும் என்று ஊகிக்க வேண்டும். இரண்டு வயது நாய் ஆகி முடிந்தது, கண்ணெதிரே நிற்கிறது. மூன்று தடவை வெவ்வேறு நேரத்தில் போய்ப் பாருங்கள். சாப்பிடும்போது யாராவது பக்கத்தில் போனால் என்ன செய்கிறது, குழந்தைகள் ஓடினால் என்ன செய்கிறது என்று கவனியுங்கள். காது நுனியில் வெட்டு இருந்தால் கருத்தடை ஆகியிருக்கிறது என்று பொருள். வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். குரும்பப்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது உங்களுக்கு, ஒருமுறை காட்டிவிடுங்கள். மூன்று காலில் நாய்கள் நன்றாகவே ஓடும். எடை ஏறாமல் பார்த்துக்கொண்டு, வழுக்கும் டைல்ஸ் மேல் பாய் விரித்தால் போதும். அங்கேயும் ஒரு கேள்வியும் கேட்காமல் கயிற்றை உங்கள் கையில் திணித்தால் வாங்காதீர்கள்.

எது வந்தாலும் பிறந்தநாளன்று வேண்டாம். பலூன் வெடிக்க, முப்பது பிள்ளைகள் கத்த, அந்த உயிர் எங்கே போய் ஒளியும்? வாக்கு தவறியதாக மகள் இரண்டு நாள் பேசாமல் இருப்பாள். இருக்கட்டும்.

லாப்ரடார்தான் என்று முடிவானால், முன்பணம் கொடுப்பதற்கு முன் தாயைக் காட்டச் சொல்லுங்கள். குட்டி போட்டவள், கடிப்பாள் என்பார்கள். ஊருக்கு அனுப்பியிருக்கிறோம் என்பார்கள். எழுந்து வந்துவிடுங்கள். முதல் தடவை போகும்போது மகளை அழைத்துப் போகாதீர்கள். கூடையும் கொண்டுபோகாதீர்கள்.