சிங்கப்பூர்–நியூயார்க்: 7 மணி நேரம் இல்லை, ஏறக்குறைய 19

வணக்கம். அம்மாவின் டிக்கெட்டில் இரவு 11:35க்குப் புறப்பட்டு மறுநாள் காலை 6:15க்கு இறங்குவதாகப் போட்டிருக்கிறது, 7 மணி நேரம்கூட ஆகாதா என்று கேட்டிருந்தீர்கள். அவருக்குச் சர்க்கரை இருப்பதால் இதைச் சரியாகப் புரிந்துகொள்வது முக்கியம்.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். இப்போது கோடைக்காலம், அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருப்பார்கள் என்பதால் நியூயார்க் சிங்கப்பூரைவிட 12 மணி நேரம் பின்தங்கியிருக்கிறது. அதாவது விமானம் கிளம்பும்போது அங்கே பகல் 11:35தான். அதிலிருந்து எண்ணினால் 18 மணி 40 நிமிடம். (நவம்பர் தொடக்கத்தில் வித்தியாசம் 13 மணி ஆகிவிடும், அப்போது திரும்பக் கணக்குப் போடுங்கள்.)

நேர்க்கோட்டில் தூரம் சுமார் 15,350 கிலோமீட்டர். ஆனால் விமானம் அந்தக் கோட்டிலேயே போவதில்லை. பெரும்பாலும் பசிபிக் மேலாகச் சுற்றிப் போய், மேற்கிலிருந்து கிழக்கே வீசும் மேல்காற்றைத் துணைக்கு எடுத்துக்கொள்கிறது. தூரம் கூடினாலும் எரிபொருள் மிச்சம். காற்றைப் பொறுத்து அரை மணி முன்பின் ஆகலாம்.

மாத்திரை விஷயத்தில் ஊர் நேரத்தைப் பார்க்க வேண்டாம். "19 மணி நேரப் பயணம், 12 மணி வித்தியாசம்" என்று டாக்டரிடம் சொல்லி வேளைகளை எழுதி வாங்குங்கள். மருந்தெல்லாம் கைப்பையிலேயே இருக்கட்டும். அப்புறம், நடைபாதை ஓர இருக்கை கேட்டு வாங்குங்கள். அவ்வளவு நேரம் உட்கார்ந்தால் கால் வீங்கும், அம்மா அவ்வப்போது எழுந்து நடக்க வேண்டும்.