தவக்காலத்தில் கல்யாணம் வைக்கலாமா?

மகனுக்குப் பெண் பார்த்து முடிவாகிவிட்டது. நாங்கள் திருப்பூர், பெண் வீட்டார் கருமத்தம்பட்டிக் கத்தோலிக்கப் பங்கு. 2027 மார்ச்சில் மண்டபம் கிடைக்கிறது. தவக்காலத்தில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களில், கல்யாணமே கூடாது என்கிறார் என் மாமியார். உண்மையா?
— ஒரு வாசகி

மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்காமல் கொஞ்சம் பொறுங்கள். முதலில் பங்குத்தந்தையிடம் தேதி, அப்புறம்தான் மண்டபம்.

உங்கள் மாமியார் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்திலும் தவக்காலத்திலும் திருமணத்தின் ஆடம்பர ஆசீரைத் தடுத்திருந்தது. 1983இல் வந்த இப்போதைய சட்டத்தில் அந்தத் தடை இல்லை. ஆனாலும் நம் பக்கத்துப் பங்குகளில் தவக்காலத்தில் பெரும்பாலும் கல்யாணம் வைப்பதில்லை. தவிர்க்க முடியாத நிலை என்றால் ஆயரின் அனுமதி கேட்கச் சொல்வார்கள். அது சரிதான் என்பேன். அந்த நாட்களில் பீடத்தில் பூ வைப்பதில்லை, அல்லேலூயா கிடையாது, இசைக்கருவி பாட்டுக்குத் துணையாக மட்டும்தான். வீட்டின் சந்தோஷத்தை இப்படி ஒடுக்கிக்கொள்ள வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை.

2027இல் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் பிப்ரவரி 10, குருத்து ஞாயிறு மார்ச் 21, உயிர்ப்பு ஞாயிறு (ஈஸ்டர்) மார்ச் 28. அதாவது மார்ச் மாதம் ஏறக்குறைய முழுவதும் தவக்காலம். புனித வெள்ளி, புனித சனி இரண்டிலும் கல்யாணம் என்ற பேச்சே வேண்டாம். உயிர்ப்பு ஞாயிறு தொடங்கி எட்டு நாள் பாஸ்கா எண்கிழமை என்ற விழாக்காலம். அன்றன்றைய திருப்பலியைத்தான் நிறைவேற்ற வேண்டும், திருமணத்துக்கென்று உள்ள தனித் திருப்பலிக்கு இடமில்லை. அது இறை இரக்க ஞாயிறான ஏப்ரல் 4இல் முடிகிறது. மறுநாளே வைக்கலாமே என்று நினைப்பீர்கள். ஆனால் மார்ச் 25இல் வரவேண்டிய ஆண்டவரின் பிறப்பு அறிவிப்புப் பெருவிழா அந்த ஆண்டு பெரிய வியாழனில் விழுவதால், ஏப்ரல் 5க்குத் தள்ளிப் போகிறது. பெருவிழா என்பதால் அன்றும் திருமணத் திருப்பலிக்கு இடமில்லை.

ஆகவே ஏப்ரல் 6 முதல் பாருங்கள். சித்திரை பிறப்பது ஏப்ரல் 14 என்பதால், பங்குனியிலேயே முடிக்க வேண்டும் என்று சொந்தத்தில் யாராவது நின்றாலும் ஒரு வாரம் கையில் இருக்கிறது.

தவக்காலத்தில் ஓலை வாசிக்க, அதாவது கல்யாண அறிவிப்பைக் கோயிலில் படிக்க, தடையில்லை. இரண்டு பங்குகளிலும் பிப்ரவரி 28, மார்ச் 7, 14 ஆகிய ஞாயிறுகளில் வாசித்துவிட்டால், குருத்து ஞாயிறு நெருக்கடிக்கு முன்பே வேலை முடியும். திருமணத் தயாரிப்புப் பயிற்சியை அதற்கும் முன்னால் முடிக்கச் சொல்லுங்கள். ஞானஸ்நானச் சான்றிதழைப் பழைய நகலாகக் கொடுக்காமல், புதிதாக எழுதி வாங்குங்கள்.